பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: சைக்கிள் கம்பி ஏன் முறிகிறது?

சைக்கிள் மிதித்த எவருக்கும் அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். போய்க்கொண்டே இருக்கையில் பின்சக்கரத்திலிருந்து 'டிங்' என்று ஒரு சின்ன ஒலி எழும். இறங்கிப் பார்த்தால் ஒரு ஸ்போக்ஸ் கம்பி முறிந்து தொங்கிக்கொண்டிருக்கும். சக்கரம் லேசாகக் கோணி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பிரேக் கட்டையில் உரசும். அப்போது நம் மனத்தில் முதலில் எழும் கேள்வி 'ஏன் முறிந்தது?' என்பதாக இருக்க வேண்டும். ஆனால் நமக்கு எழுவது 'யாரால் முறிந்தது?' என்ற கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு ஒருமுறை நான் அவசரப்பட்டுத் தவறான விடை சொன்னேன். அதனால் ஓர் எளிய தொழிலாளியின் பிழைப்புக்கு ஊறு நேர்ந்தது. அதை மறைக்காமல் சொல்லி, கம்பி முறிவதன் உண்மையான காரணத்தையும் விளக்கலாம் என்றே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. பெரியவர்களுக்கு வேறு ஒன்று இருக்கிறது.

1987இல் நடந்தது

அப்போது நான் ஜாம்ஷெட்பூரில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். முறிந்துபோன அச்சு, பல்சக்கரம், ஸ்பிரிங், போல்ட்டு என்று பலவும் எங்கள் மேசைக்கு வரும். அவற்றை ஆராய்ந்து, 'இது இன்ன காரணத்தால் முறிந்தது' என்று எழுதிக் கொடுப்பது என் தொழில்.

வீட்டிலிருந்து ஆலை வாசல் 8 கிலோமீட்டர். அன்று எல்லோரையும் போல எனக்கும் சைக்கிள்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் புதிதாக வாங்கிய கறுப்பு நிற 28 அங்குல வண்டி. ஞாயிற்றுக்கிழமை சாக்சி மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது கேரியரில் 20 கிலோ அரிசி மூட்டையும் முன்பாரில் பையனும் இருப்பார்கள்.

ஒரு நாள் பின்சக்கரத்தில் ஒரு கம்பி முறிந்தது. 'நாற்பதில் ஒன்றுதானே' என்று அதைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். சக்கரம் நன்றாகக் கோணிய பிறகே எங்கள் குடியிருப்பை அடுத்த வேப்பமரத்தடியில் கடை போட்டிருந்த மிஸ்திரியிடம் கொண்டுபோனேன். அவர் புதுக் கம்பி போட்டுப் பெண்டு எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, "பாபு, எல்லாக் கம்பிக்கும் ஒரே வயசு. நாற்பதையும் மாற்றிப் புதுசாய்க் கட்டிவிடுவது நல்லது" என்று ஹிந்தியில் சொன்னார். ஒரு கம்பிக்கு வந்தவனிடம் நாற்பதை விற்கப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் நாள் இன்னொரு கம்பி முறிந்தது. அவர் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் மூன்றாவது. அதற்கும் காசு வாங்கவில்லை. நான்காவது கம்பி முறிந்த அன்று நான் பொறுமை இழந்தேன். கடையில் நின்றிருந்த நாலு பேர் முன்னிலையில், "அளவு தெரியாமல் இழுத்து முறுக்கிவிட்டீர், அதனால்தான் ஒவ்வொன்றாகப் போகிறது" என்று கத்தினேன். அவர் பதில் பேசவில்லை. தம் பெட்டியிலிருந்து கம்பியை எடுத்து மாட்டிக் கொடுத்தார்.

அதோடு நான் நின்றிருக்கலாம். ஆலை சைக்கிள் ஸ்டாண்டில் தெரிந்தவர்கள் பத்துப் பேரிடமாவது, "அந்த மரத்தடி ஆளிடம் சக்கரத்தைக் கொடுக்காதீர்கள்" என்று சொன்னேன். உலோகப் பரிசோதனைக் கூடத்து ஆள் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? நம்மவர்கள் பலர் அவரிடம் போவதை நிறுத்திவிட்டார்கள்.

முறிந்த கம்பிகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஓர் இரவு நான் இந்தக் கதையை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள்: "ஆபீஸ்ல உடைஞ்சு வர்றதையெல்லாம் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்துத்தானே எழுதறீங்க? இதை ஏன் பார்க்காமலே எழுதிட்டீங்க?"

மறுநாள் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அங்கே நான் கண்டதைப் புரிந்துகொள்ள, சைக்கிள் சக்கரம் எப்படிப் பாரம் தாங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தொங்குகிறதா, நிற்கிறதா?

நம் மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, இரண்டையும் இணைக்கும் மரத்தாலான ஆரக்கால்கள். வண்டியின் பாரம் அச்சு வழியாகக் குடத்துக்கு வந்து, அடியில் இருக்கும் ஆரக்காலை அழுத்தித் தரையில் இறங்குகிறது. அது தூண் மாதிரி நின்று தாங்குகிறது.

சைக்கிள் கம்பி அப்படி நிற்க முடியாது. இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை இரு முனையிலும் பிடித்து அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால் அதையே இழுத்துப் பாருங்கள். 200 கிலோவுக்கு மேல் இழுத்தாலும் ஒரு நல்ல எஃகுக் கம்பி அறுவதில்லை. இந்த உண்மையை வைத்துத்தான் 1869இல் பாரிஸ் நகரத்து யூஜின் மேயர், இழுத்துக் கட்டிய கம்பிகளால் ஆன சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கம்பிகளை ஹப்பிலிருந்து நேராகப் போகவிடாமல் சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகும்படி கட்டும் முறைக்கு 1874இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி காப்புரிமை பெற்றார். நேராக நிற்கும் கம்பிகள், மிதிக்கும் திருகு விசையை ஹப்பிலிருந்து ரிம்முக்குச் சரியாகக் கடத்துவதில்லை. சாய்ந்த கம்பிகள் கடத்தும். இன்றும் நம் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளில் இருப்பது அந்தப் பின்னல்தான்.

சரி, அழுத்தம் தாங்காத கம்பி பாரத்தை எப்படித் தாங்குகிறது? பலரும் 'ஹப் மேல்கம்பிகளில் தொங்குகிறது' என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு சின்னச் சோதனையால் உண்மையைக் கண்டறியலாம்.

சைக்கிளை நேராக நிறுத்தி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கும் ரிம்முக்கும் நடுவே, தரைக்கு அருகில் உள்ள ஒரு கம்பியை வீணைத் தந்தியைப் போல் விரலால் மீட்டி, அதன் சுருதியைக் கேளுங்கள். உச்சியில் உள்ள ஒரு கம்பியையும் அப்படியே மீட்டிக் கேளுங்கள். இப்போது கனமான ஒருவரை வண்டியில் உட்கார வைத்து மறுபடி மீட்டுங்கள். மேலே உள்ள கம்பியின் சுருதி ஏறக்குறைய மாறவே இல்லை. அடியில் உள்ள கம்பியின் சுருதி தெளிவாக இறங்கிவிடுகிறது.

தந்தி தளர்ந்தால் சுருதி இறங்கும் என்பது தம்புரா பிடித்தவர்களுக்குத் தெரியும். ஆக, ஆள் ஏறி உட்கார்ந்ததும் மேல்கம்பிகள் அதிகம் இறுகவில்லை. அடியில் உள்ள நாலைந்து கம்பிகள் தளர்ந்தன. எல்லாக் கம்பிகளும் முன்பே இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், அடிக்கம்பி தன் இழுப்பில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துப் பாரத்தைத் தாங்குகிறது. இழுத்துக் கட்டி வைத்திருக்கும் வரையில், தளர்வதே அதற்குத் தாங்குவது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. விட்டுக்கொடுப்பதற்குக் கம்பியில் போதுமான இழுப்பு இருக்க வேண்டும். சக்கரம் தொளதொளவென்று கட்டப்பட்டிருந்தால், பாரம் வந்ததும் அடிக்கம்பி முழுவதும் தளர்ந்து, ஹப்பின் துளைக்குள் ஆடத் தொடங்கும். நிப்பிளும் தானே கழலும். அதனால் சக்கரம் இன்னும் தளரும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்

இனி ஒரு கணக்கு. 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு அது சுமார் 450 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை அடிக்கு வந்து தளர்ந்து, மேலே போய் மறுபடி இறுகும். நான் தினம் போய்வந்தது 16 கிலோமீட்டர். ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால், ஒரு கம்பி ஓர் ஆண்டில் 21 லட்சத்து 60 ஆயிரம் முறை தளர்ந்து இறுகுகிறது. நான்கு ஆண்டில் 86 லட்சம் முறைக்கு மேல்.

ஒரே தடவையில் அறுக்க முடியாத கம்பியை, அதில் ஒரு சிறு பங்கு விசையே பல லட்சம் தடவை வந்து வந்து அறுத்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர்.

மனிதன் இதைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டான். 1842 மே 8ஆம் தேதி வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலில், எஞ்சின் ஒன்றின் அச்சு முறிந்து, பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எத்தனையோ நாள் பழுதில்லாமல் ஓடிய அச்சு அன்று ஏன் முறிந்தது என்று எல்லோரும் திகைத்தார்கள். இரும்பு நாளடைவில் கற்கண்டு போல் படிகமாகி உடைகிறது என்றுகூட அந்தக் காலத்தில் நம்பினார்கள். பிறகு ஜெர்மானியப் பொறியாளர் ஔகுஸ்ட் வோலர் 1850களிலும் 1860களிலும் ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, சுமையின் அளவோடு அது எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதும் முக்கியம் என்று நிறுவினார்.

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் 475ஆம் குறளில் சொல்வது நமக்கெல்லாம் தெரியும். அது ஒரேயடியாய் மிஞ்சிய பாரத்தால் வரும் முறிவு. சைக்கிள் கம்பியின் முறிவு வேறு வகை. பாரம் அளவுக்குள்தான் இருக்கும். எறும்பு ஊரக் கல் தேய்வது போல உள்ளே ஒரு கீறல் வளர்ந்துகொண்டே போகும்.

கீறல் எங்கே தொடங்கும்? முறிந்த கம்பிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஹப்பின் துளையில் மாட்டும் வளைவிலேயே முறிந்திருக்கும். சில, நிப்பிள் ஏறும் மரையில் முறியும். கம்பியின் நடுவில் முறிவது அபூர்வம். செயின் விழுந்து கீறியது, குச்சி நுழைந்தது என்று ஏதாவது காரணம் இருக்கும். வளைவில் முறிவதற்குக் காரணம் உண்டு. நேரான கம்பியைக் குளிர்ந்த நிலையிலேயே வளைத்து அந்த முழங்கையைச் செய்கிறார்கள். வளைத்த வலி என்று சொல்லலாமா, அந்த இறுக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் இழுப்பும் அதோடு சேர்ந்துகொள்கிறது. வளைவு துளையில் சரியாகப் படியாமல் ஆடினால் கேட்கவே வேண்டாம்.

பின்சக்கரத்தில்தான் இது மிகுதி. நம் எடையில் பெரும்பங்கு அதன் மேல்தான் விழுகிறது. கேரியர் சுமையும் அதற்கே. மிதிக்கும் விசையும் அதன் வழியாகவே போகிறது. ஃப்ரீவீலுக்கு இடம் விடுவதற்காக வலப்பக்கக் கம்பிகளை அதிகச் சாய்வில்லாமல் செங்குத்தாகக் கட்ட வேண்டியிருப்பதால், வலப்பக்கம் அதிக இழுப்பிலும் இடப்பக்கம் குறைந்த இழுப்பிலும் இருக்கும். முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்று நம் பழைய வண்டிகளில் கம்பிகளைக் கூட்டி வைத்தது இந்தச் சுமையை முன்னிட்டுத்தான்.

கண்ணாடி சொன்ன சாட்சி

இப்போது தகர டப்பாவுக்கு வருவோம். உலோகச் சோர்வால் முறிந்த பொருள் தன் கதையைத் தன் முகத்திலேயே எழுதி வைத்திருக்கும். முறிந்த முகத்தில் இரண்டு பகுதிகள் தெரியும். கீறல் மெல்ல மெல்ல வளர்ந்த பகுதி வழவழப்பாக இருக்கும். காற்றும் ஈரமும் பட்டு நிறம் மாறியிருக்கும். மிச்சமிருந்த பகுதி தாங்க முடியாமல் ஒரே நொடியில் அறுந்தது. அது சொரசொரப்பாக, புதிதாய்ப் பளிச்சென்று இருக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் நான்கு கம்பிகளையும் பார்த்தேன். நான்கும் வளைவில்தான் முறிந்திருந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பழுப்பேறித் துருப்பிடித்திருந்தது. பளிச்சென்று இருந்தது மூன்றில் ஒரு பங்குதான். அந்தத் துரு ஐந்து நாளிலோ எட்டு நாளிலோ அந்த ஆழத்துக்குப் போயிருக்க முடியாது. மிஸ்திரி என் சக்கரத்தைத் தொடுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அந்தக் கம்பிகள் பாதிக்கு மேல் அறுந்திருந்தன.

கண்ணாடி இல்லாமலே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றையும் அப்போதுதான் கவனித்தேன். முறிந்தவை எல்லாம் பழைய கம்பிகள். அவர் போட்ட புதுக் கம்பிகளில் ஒன்றுகூட முறியவில்லை.

அவர் பெண்டு எடுக்கும்போது கொடுத்த முறுக்கு, முன்பே சாகக் கிடந்த கம்பியைச் சில நாள் முன்னதாக முறித்திருக்கலாம். அவ்வளவுதான் அவர் பங்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதைத்தான் நான் செய்திருந்தேன்.

யார் குற்றவாளி?

என் ஆபீஸ் வழக்கப்படி ஒவ்வொருவராக விசாரித்துப் பார்க்கிறேன்.

பாரத்தைக் குற்றம் சொல்லலாமா? அரிசி மூட்டையும் பையனும் சேர்ந்தாலும் 40 கம்பி உள்ள நல்ல சக்கரம் அதைத் தாங்கும். நம் நாட்டில் பால்காரர்களும் காஸ் சிலிண்டர் போடுபவர்களும் இதைவிட எவ்வளவோ அதிகம் ஏற்றி ஓட்டுகிறார்கள். பாரம் சோர்வை விரைவுபடுத்தும். தனியாக அது குற்றவாளி அல்ல.

சாலைப் பள்ளம்? பள்ளத்தில் விழும்போது அடிக்கம்பி இன்னும் இறுகி அறுகிறது என்று நினைக்கிறோம். சோதனையில் பார்த்தோமே, அடி வாங்கும் கம்பி தளரத்தான் செய்கிறது. பள்ளம் முதலில் கெடுப்பது ரிம்மை. ரிம் நசுங்கினால் கம்பிகளின் இழுப்பு ஏறுமாறாகி, பிறகு சோர்வு வரும்.

கம்பி செய்தவர்? மட்டமான கம்பியாக இருந்தால் புதிதிலேயே தொல்லை கொடுத்திருக்கும். நான்கு ஆண்டு உழைத்த கம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இழுத்து முறுக்கியவர்? இதுதான் நான் சொன்ன குற்றச்சாட்டு. ஊரிலும் பரவலாக உள்ள நம்பிக்கை. ஆனால் கையால் முறுக்கிக் கம்பியை அறுப்பது எளிதல்ல. அதற்குமுன் நிப்பிளின் முனை மழுங்கும், அல்லது மரை போகும், அல்லது ரிம் கோணும். ரிம் தாங்கும் அளவுக்கு இறுக்கமாகவும் ஒரே சீராகவும் கட்டிய சக்கரமே நீண்ட நாள் உழைக்கிறது. கம்பிக்கு எமன் தளர்வுதான்.

அப்படியானால் முதல் குற்றவாளி, சக்கரத்தை முதன்முதலில் கட்டியவர். நம் நாட்டில் சைக்கிள் பெரும்பாலும் பாகங்களாக வந்து கடையில் பூட்டப்படும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற அவசரத்தில், சுற்றும்போது கோணல் தெரியாத அளவுக்கு மட்டும் கம்பிகளை இழுத்து அனுப்பிவிடுவது உண்டு. பார்வைக்கு நேராக இருக்கும். ஒரு கம்பி இறுக்கமாகவும் அடுத்தது தளர்வாகவும் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. என் சக்கரமும் அப்படிக் கட்டப்பட்டதாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது குற்றவாளி நான். நான்கு ஆண்டில் ஒருமுறைகூடக் கம்பிகளைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஒன்று முறிந்த பிறகும் மூன்று வாரம் ஓட்டினேன். அதன் பாரத்தை அண்டைக் கம்பிகள் சுமந்தன. முப்பத்தொன்பது கம்பிகளுக்கும் நான் கேடு செய்துவிட்டு, நாற்பதாவதை மாட்டியவர் மேல் பாய்ந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கடைசியாகத் தொட்டவன் மேல் பழி போடுவது நமக்கு எளிதாக இருக்கிறது. அவன் கண்முன்னே இருக்கிறான். பெரும்பாலும் நம்மைவிட எளியவனாகவும் இருக்கிறான்.

வேப்பமரத்தடியில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முறிந்த கம்பிகளையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மிஸ்திரியிடம் போனேன். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். நான்கையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "துருப்பிடித்த முறிவு பழைய முறிவு. இது எங்களுக்கும் தெரியும் பாபு. நீங்கள் கேட்கவில்லையே."

எனக்குத் தலை நிமிரவில்லை. நாற்பது கம்பியையும் மாற்றிக் கட்டித் தரும்படி கேட்டுக்கொண்டேன். இலவசமாக மாட்டிய கம்பிகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தேன். முதலில் மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார்.

அவர் சக்கரம் கட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பின்னி முடித்துக் கோட்டம் எடுத்த பின், பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவதுபோல் பலங்கொண்ட மட்டும் அழுத்தினார். சக்கரம் முழுவதும் அப்படிச் செய்துவிட்டு மறுபடி கோட்டம் பார்த்தார். ஏன் இப்படி என்று கேட்டேன். "உஸ்தாத் கற்றுக் கொடுத்தது. இப்படிப் பிடித்த சக்கரம் திரும்பி வராது" என்றார்.

அதன் காரணம் எனக்குத் தெரியும். அப்படி அழுத்தும்போது கம்பியின் இழுப்பு ஒரு கணம் மிக அதிகமாகிறது. வளைவில் எங்கே உள்ளிறுக்கம் மிகுந்திருக்கிறதோ, அந்த இடம் மட்டும் சற்றே இளகிப் படிந்துவிடுகிறது. கையை எடுத்ததும் அந்த இடத்தின் உள்ளிறுக்கம் முன்பிருந்ததைவிடக் குறைந்துவிடும். கீறல் தொடங்கும் இடத்தையே அது சமாதானப்படுத்திவிடுகிறது. இதையெல்லாம் படித்திருந்த நான் ஒரு சக்கரத்தையும் தொட்டதில்லை. படிக்காத அவர் நூற்றுக்கணக்கான சக்கரங்களுக்கு அதைச் செய்திருந்தார்.

1999இல் நான் சைக்கிளை விடும் வரை அந்தச் சக்கரத்தில் ஒரு கம்பியும் முறியவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

இன்று நம் பிள்ளைகள் கியர் வண்டி ஓட்டுகிறார்கள். அவற்றின் பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் அடுக்காக இருப்பதால் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் இழுப்பு வேறுபாடு இன்னும் அதிகம். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் பிடிக்கும் விசையும் கம்பிகள் வழியாகவே போகிறது. ஆகவே கவனம் கூடுதலாக வேண்டும்.

புது வண்டி வாங்கி ஒரு மாதம் ஓட்டியதும் மிஸ்திரியிடம் கொடுத்து இரண்டு சக்கரத்தின் கம்பிகளையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். தளர்வு வெளிப்படும் காலம் அதுதான்.

மாதம் ஒருமுறை கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அழுத்திப் பாருங்கள். அல்லது பென்சிலால் தட்டிச் சுருதி கேளுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் 'தொப்' என்று ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிடக் கூடாது. பின்சக்கரத்தில் அவை வேறுபடத்தான் செய்யும்.

ஒரு கம்பி முறிந்தால் அன்றே அல்லது மறுநாளே மாற்றுங்கள். கொஞ்ச நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறிந்தால், மற்றவையும் அதே வயதுதான் என்று நினைவில் வையுங்கள். முழுச் சக்கரத்தையும் புதிதாகக் கட்டுவதே சிக்கனம்.

கம்பியைத் தடிமனாக வாங்கினால் உழைக்கும் என்று எண்ண வேண்டாம். இரு முனையும் தடித்து நடுவில் மெலிந்த கம்பி, நல்ல சக்கரங்களில் அதிக நாள் உழைக்கிறது. நடுப்பகுதி சற்று நீண்டு கொடுத்து, வளைவுக்கு வரும் தொல்லையைக் குறைத்துவிடுகிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டில் நான் குறை சொன்ன அதே பத்துப் பேரிடமும் 'தவறு என்னுடையது' என்று சொன்னேன். ஆனால் அந்தப் பத்துப் பேர் அதற்குள் யார் யாரிடம் சொல்லியிருந்தார்களோ, அவர்களையெல்லாம் என்னால் தேடிப் போக முடியவில்லை. மறு ஆண்டு மழைக்காலம் முடிந்து பார்த்தபோது வேப்பமரத்தடியில் அவர் கடை இல்லை. எங்கே போனார் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். என் பேச்சுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை.

அடுத்த முறை உங்கள் வண்டியில் 'டிங்' என்று சத்தம் கேட்டால், முறிந்த துண்டை எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, வெளிச்சத்தில் பிடித்து, முறிந்த முகத்தைக் காட்டுங்கள். எவ்வளவு பழுப்பு, எவ்வளவு பளபளப்பு என்று அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகு மிஸ்திரியிடம் போங்கள்.